கீபோர்டில் இல்லாத டாஷ், சிறப்புக் குறிகளைத் தட்டச்சு செய்வது எப்படி?

கீபோர்டில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. அச்சில் நாம் பார்க்கும் கோடுகளோ மூன்று: சொற்களை இணைக்கும் ஹைஃபன் (-), 1914–1918 போல எதிலிருந்து எதுவரை என்று காட்டும் என் டாஷ் (en dash, –), வாக்கியத்தின் நடுவே ஒரு கருத்தைச் செருகும்போது வரும் நீளமான எம் டாஷ் (—). தட்டச்சுப்பொறிக் காலத்தில் விசைகளுக்கு இடம் குறைவு என்பதால் ஹைஃபனுக்கும் கழித்தல் குறிக்கும் ஒரே விசையை வைத்துச் சமாளித்தார்கள். 1963இல் வந்த, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கணினித் தரமான ஆஸ்கியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் இன்றைய யூனிகோடிலும் அந்தக் குறியின் பெயர் ‘ஹைஃபன்-மைனஸ்’தான்.

சரி, மற்ற இரண்டையும் எப்படி வரவைப்பது? உங்கள் கணினிக்கு ஏற்ற பகுதியை மட்டும் படித்தால் போதும்.

விண்டோஸில்

வலப்பக்கம் தனி எண்பலகை உள்ள கீபோர்டு என்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. நம் லாக் (Num Lock) விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.
2. இடப்பக்க ஆல்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள்.
3. விரலை எடுக்காமல் எண்பலகையில் 0151 என்று தட்டுங்கள்.
4. ஆல்ட்டை விடுங்கள். எம் டாஷ் வந்துவிடும்.

என் டாஷுக்கு 0150. முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள். வெறும் 151 தட்டினால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து எழுத்துப் பட்டியலிலிருந்து எடுக்கும். டாஷுக்குப் பதில் தலையில் சாய்கோடு போட்ட ஒரு பிரெஞ்சு எழுத்து வந்து நிற்கும். “சொன்னபடிதான் செய்தேன், ஏதோ வருகிறது” என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஒன்றுமே வரவில்லை என்றால், எழுத்துகளுக்கு மேலே உள்ள எண் வரிசையில் தட்டியிருப்பீர்கள். அங்கே இது வேலை செய்யாது.

இதே முறையில் டிகிரி குறி ° வேண்டுமா, 0176. பெருக்கல் குறி × 0215, அரை ½ 0189, காப்புரிமைக் குறி © 0169. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிக்கடி தேவைப்படும் இரண்டு மூன்றை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவையுங்கள், அது போதும்.

எண்பலகை இல்லாத மடிக்கணினியா? விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்துங்கள். இமோஜி பலகை திறக்கும். அதில் குறியீடுகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு உண்டு. டாஷ்கள் அங்கே இருக்கின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. கொஞ்சம் மெதுவான வழிதான், ஆனால் எந்த எண்ணும் நினைவில் இருக்க வேண்டியதில்லை.

வேர்டில்

என்னைக் கேட்டால், வேர்டில் வேலை செய்பவர்களுக்கு ஆல்ட் எண்களே தேவையில்லை. ஒரு சொல், இடைவெளி விடாமல் இரண்டு ஹைஃபன், உடனே அடுத்த சொல், அப்புறம் ஸ்பேஸ்: வேர்டு தானாகவே எம் டாஷாக மாற்றிவிடும். வேண்டாம் என்றால் உடனே கண்ட்ரோல் + இசட்.

இன்னொரு அருமையான வழி, 2014 என்று தட்டிவிட்டு ஆல்ட் + எக்ஸ். அந்த எண் மறைந்து அதே இடத்தில் எம் டாஷ் வரும். என் டாஷுக்கு 2013, அசல் கழித்தல் குறிக்கு 2212. இவை யூனிகோடு எண்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. 1914–1918 எழுத நினைத்து, 1914ஐ ஒட்டியே 2013 தட்டினால் வேர்டு முன்னால் உள்ள 1914இன் இலக்கங்களையும் சேர்த்துப் பார்த்துவிடக்கூடும். அதனால் 2013ஐ மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆல்ட் + எக்ஸ் அழுத்துங்கள்.

மேக், லினக்ஸ்

மேக்காரர்களுக்குக் கவலையே இல்லை. ஆங்கில கீபோர்டு தேர்வில் இருக்கும்போது ஆப்ஷன் + ஹைஃபன் அழுத்தினால் என் டாஷ். அதோடு ஷிஃப்டையும் சேர்த்தால் எம் டாஷ். டிகிரி குறிக்கு ஆப்ஷன் + ஷிஃப்ட் + 8. மற்ற குறிகளுக்கு கண்ட்ரோல் + கமாண்ட் + ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்துப் பலகை திறக்கும், தேடி எடுத்துக்கொள்ளலாம்.

லினக்ஸில், கினோம் போன்ற மேசைத்தளங்களில், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + யு அழுத்திவிட்டு 2014 தட்டி என்டர் கொடுங்கள்.

எங்கே இவற்றைப் போடக் கூடாது?

கட்டுரை, கடிதம், புத்தகம் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் நிரல், டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் திரை) கட்டளை, எக்செல் சூத்திரம், இணைய முகவரி ஆகியவற்றில் சாதாரண ஹைஃபன்தான் வேண்டும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். எக்செலில் =10–3 என்று என் டாஷ் போட்டால் 7 வராது, பிழைதான் வரும்.

கட்டளைகளை வேர்டில் எழுதிச் சேமித்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது இரட்டை ஹைஃபனை ஒற்றை டாஷாக மாற்றிவைத்திருக்கும். அதை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினால் கட்டளை ஓடாது. இப்படிப்பட்ட குறிப்புகளை நோட்பேடிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் வேர்டின் ஆட்டோகரெக்ட் அமைப்புகளில், ஹைஃபனை டாஷாக மாற்றும் தேர்வை எடுத்துவிடுங்கள்.