தானாக நீளும் வரம்பு கடைசி வரிசைகளை விட்டுவிட்டால் என்ன செய்வது?

எக்செலில் புதிய தொகைகளைச் சேர்க்கிறீர்கள்; வரைபடமோ கடைசி இரண்டைக் காட்ட மறுக்கிறது. வரைபடம் எடுத்துக்கொள்ளும் வரம்பை (செல்களின் தொகுதியை) தீர்மானிக்கும் சூத்திரத்தை உடனே அழித்துவிடாதீர்கள். அது எந்தச் செல்கள் வரை எட்டுகிறது என்பதை முதலில் கண்ணால் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

பி1இல் தலைப்பு, பி2 முதல் பி21 வரை தொகைகள் என்று வைத்துக்கொள்வோம். "டேட்டா" என்று ஒரு பெயர் கொடுத்து, அதற்கு இந்தச் சூத்திரத்தை எழுதியிருக்கிறோம் (ஆஃப்செட் (OFFSET), கவுண்ட்ஏ (COUNTA) போன்ற சார்புகளையும் செல் முகவரிகளையும் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்):

=ஆஃப்செட்($பி$2,0,0,கவுண்ட்ஏ($பி:$பி)-1,1)

பி2இல் தொடங்கு, நெடுவரிசையில் நிரம்பிய செல்களை எண்ணு, தலைப்புக்காக ஒன்றைக் கழி, அத்தனை வரிசை நீளம் எடு என்பது இதன் பொருள்.

படி 1: எஃப்5 விசையை அழுத்தி, பெயரைத் தட்டச்சு செய்து, என்டர் கொடுங்கள். வரம்பு திரையில் தேர்வாகும். பி19இலேயே நின்றுவிட்டதா? வேறொரு நெடுவரிசையின் காலிச் செல்லில் =ரோஸ்(டேட்டா) என்று எழுதினால் (ரோஸ் என்பது வரிசைகளை எண்ணும் ROWS சார்பு) 18 என்று வரும். இருக்க வேண்டியது 20.

படி 2: நடுவில் காலிச் செல்களைத் தேடுங்கள். கவுண்ட்ஏ எண்ணிக்கையைத்தான் தரும், கடைசி வரிசையின் இடத்தை அல்ல. நடுவில் இரண்டு செல்கள் காலி என்றால் முடிவில் இரண்டு வரிசைகள் விடுபடும். தொடக்கநிலையில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். இதை நிதானமாக ஒருமுறை செய்து பாருங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: வெறும் இடைவெளி உள்ள செல்லையும், வெற்று உரையைத் தரும் சூத்திரம் உள்ள செல்லையும் கவுண்ட்ஏ நிரம்பியதாகவே எண்ணும். தரவுக்குக் கீழே அப்படிப்பட்ட செல்கள் இருந்தால் வரம்பு தேவைக்கு மேல் நீளும்.

படி 3: டாலர் குறிகளைச் சரிபாருங்கள். கண்ட்ரோல்+எஃப்3 அழுத்தினால் பெயர்ப் பட்டியல் திறக்கும். $ இல்லாத முகவரி, நீங்கள் நிற்கும் செல்லுக்கு ஏற்ப நகர்ந்துவிடும்.

படி 4: சூத்திரத்தை மாற்றுங்கள். நெடுவரிசையில் எண்கள் மட்டுமே இருந்தால் நான் பரிந்துரைப்பது இதை (இன்டெக்ஸ் என்பது INDEX, மேட்ச் என்பது MATCH, எண்ணில் உள்ள ஈ என்பது E):

=$பி$2:இன்டெக்ஸ்($பி:$பி,மேட்ச்(9.99ஈ+307,$பி:$பி))

அந்தப் பிரம்மாண்ட எண் உங்கள் தரவில் வரப்போவதில்லை. அதைத் தேடும் மேட்ச், கடைசி எண் இருக்கும் வரிசையில் போய் நிற்கும். நடுவில் எத்தனை காலி இருந்தாலும் கவலையில்லை. ஆஃப்செட், தாளில் எதை மாற்றினாலும் மறுபடி கணக்கிடும். பெரிய கோப்பில் அந்தச் சுமை தெரியும். இன்டெக்ஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடைசித் தொகை உரையாகப் பதிவாகியிருந்தால் மட்டும் மேட்ச் அதைக் கணக்கில் எடுக்காது; அந்தச் செல்லை எண்ணாக மாற்றிவிடுங்கள்.

#ரெஃப்! பிழை வந்தால், தலைப்பைத் தவிர வேறு தரவே இல்லாமல் ஆஃப்செட்டின் உயரம் 0 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய கோப்பைத் தொடங்குகிறீர்கள் என்றால், தரவுக்குள் நின்று கண்ட்ரோல்+டி (T) அழுத்தி அட்டவணையாக்கிவிடுங்கள். அடுத்த வரிசையில் எழுதியதும் அது தானே நீளும்.