பட்டாணிக்கு விதை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் எங்கள் வீட்டின் பின்புறம் இரண்டு பாத்தி பட்டாணி உண்டு. ஜனவரி பிறந்துவிட்டால் காய் பறித்து மாளாது. அக்கம்பக்கத்தில் கொடுத்து, சேலத்தில் இருக்கும் தங்கைக்கு ஒரு பை அனுப்பி, நாங்களும் வேண்டிய மட்டும் சாப்பிட்டு முடித்த பிறகு, கொடியின் நுனியில் தொங்கும் நாலைந்து சூம்பிய காய்களை “விதைக்கு இருக்கட்டும்” என்று விட்டுவைப்போம். இங்கே பல வீடுகளில் இதுதான் வழக்கம். முதல் தவறே அதுதான்.

கடைசியில் பிடிக்கும் காய்கள் செடி ஓய்ந்துபோன நேரத்துக் காய்கள். இலையெல்லாம் சாம்பல் நோய் வெள்ளையாகப் படர்ந்திருக்கும், வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும். அந்த விதைகள் சிறுத்துப் போகும், அவற்றிலிருந்து வரும் நாற்றும் நோஞ்சானாகவே எழும். பூக்கத் தொடங்கும்போதே விதைக்கான செடிகளைத் தேர்ந்தெடுத்துத் தண்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். நன்றாகக் காய்ப்பவையாக, நோய் அண்டாதவையாகப் பத்துச் செடிகளாவது வேண்டும். இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும் செடியை விதைக்குத் தொடவே கூடாது. பட்டாணியில் வைரஸ் நோய் விதை வழியாகவும் பரவும். நூல் கட்டிய செடியின் அடிக்காய்கள், அதாவது முதலில் திரளும் கொழுத்த காய்கள், முழுக்க விதைக்குத்தான். அவற்றைச் சமையலுக்குப் பறிக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்தது அவசரம். சமையலுக்குப் பக்குவமான பச்சைப் பட்டாணியை உரித்துக் காயவைத்தால் விதையாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பச்சையாகத் தின்ன இனிக்கும் பருவத்தில் பருப்பு இன்னும் முற்றியிருக்காது. காய் கொடியிலேயே மஞ்சளாகி, பழுப்பாகி, தோல் காகிதம்போல் மாறி, அசைத்தால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அப்படி நெற்றாவதற்கு, சமையலுக்குப் பறிக்கும் பருவத்துக்குப் பிறகும் ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும்.

இந்த நான்கு வாரம் எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எல்லாமே இருக்கிறது. ஜூனில் விதைத்தால் நெற்றாகும் நேரத்தில் மழையும் மூடுபனியும் சூழ்ந்துகொள்ளும். காய் கொடியிலேயே பூசணம் பூக்கும், சில நேரம் உள்ளேயே முளைவிட்டுவிடும். அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பரில் விதைத்தவை பிப்ரவரி வாக்கில் நெற்றாகும். மலையில் அது வறண்ட காலம். ஆகவே சாப்பிட எப்போது வேண்டுமானாலும் போடுங்கள், விதைக்கு ஐப்பசி, கார்த்திகை விதைப்பை நம்புங்கள். காய் பழுத்த பிறகு எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டால், செடியை வேரோடு பிடுங்கித் தாழ்வாரத்தில் தலைகீழாகத் தொங்கவிடலாம். மீதி முற்றல் அங்கேயே நடக்கும்.

நான் அதிக விதையை இழந்தது காயவைப்பதில்தான். ஒரு வருடம் நெற்றை உரித்த கையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். கையில் கல்லாக இருந்த விதை, பத்து நாளில் பைக்குள் வேர்த்துப் பூசண வாடை வீசியது. வெளியே காய்ந்ததாகத் தெரியும் விதைக்குள் இன்னும் ஈரம் இருக்கும். உரித்த பிறகும் முறத்தில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் உலர்த்துங்கள். இதற்கு நேர்மாறான தவறு சேலத்தில் நடக்கிறது. மார்ச், ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் கொட்டிக் காயவைத்தால் தளத்தின் சூடே முளையைக் கொன்றுவிடும். சுத்தியலால் ஒரு விதையைத் தட்டிப் பாருங்கள். நசுங்கினால் ஈரம் இருக்கிறது, தெறித்து உடைந்தால் போதும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது விதை சேமிப்போரின் பொதுக் கணக்கு. நன்கு உலர்ந்த பட்டாணி மூன்று வருடம்வரை முளைக்கும்.

பிறகு வண்டு. டப்பாவில் வைத்த விதையில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளைகளும் அடியில் மாவும் தெரிந்தால், “எப்படி உள்ளே நுழைந்தது?” என்று மூடியைச் சந்தேகிக்கிறோம். பயறு வண்டு பெரும்பாலும் தோட்டத்திலேயே முற்றிய காய்மேல் முட்டையிட்டுவிடும். புழு பருப்புக்குள் வளர்ந்து வண்டாகித் துளைத்து வெளியேறும். வெதுவெதுப்பான வீட்டில் ஒரு மாதத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும். அதனால் இறுக்கமான மூடி மட்டும் காப்பாற்றாது. நன்றாகக் காய்ந்த விதையைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். ஈர விதையை அப்படி வைத்தால் உள்ளிருக்கும் நீர் உறைந்து விதை செத்துவிடும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். பாட்டிலின் குளிர் முழுக்கப் போகும்வரை பொறுக்காவிட்டால் காற்றின் ஈரம் விதைமேல் முத்து முத்தாகப் படியும். ஃப்ரீசர் இல்லாத வீட்டில் சலித்த அடுப்புச் சாம்பலில் புதைத்து வைக்கும் பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது.

சுருங்கிய விதைகளைச் சொத்தை என்று பொறுக்கி எறிகிறார்கள். இனிப்பு ரகப் பட்டாணியின் விதை காய்ந்தால் சுருங்கித்தான் இருக்கும். எல்லா விதையும் ஒன்றுபோல் சுருங்கியிருந்தால் அது ரகத்தின் இயல்பு. உருண்டை விதைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் சப்பையாக இருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள்.

“வீட்டு விதை அடுத்த வருடம் வேறு மாதிரி காய்க்குமே” என்ற பயமும் பட்டாணிக்குத் தேவையில்லை. பூ விரியும் முன்பே, மூடிய இதழ்களுக்குள் தன் மகரந்தத்தாலேயே அது சூல்கொண்டுவிடும். 1856 முதல் 1863 வரை மரபியலின் தந்தை எனப்படும் கிரிகோர் மெண்டல் தன் மரபியல் சோதனைகளைப் பட்டாணியில் நடத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பூசணிக்கும் மக்காச்சோளத்துக்கும் தேவைப்படும் நெடுந்தொலைவு இதற்கு வேண்டாம். இரண்டு ரகங்களின் கொடிகள் பின்னிக்கொண்டு விதை கலந்துவிடாத இடைவெளி போதும்.

எடுத்து வைத்த பாட்டிலில் ரகமும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். நினைவிருக்கும் என்று நம்பி நான் இரண்டு ரகங்களை இனம்காண முடியாமல் ஆக்கியிருக்கிறேன். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பு பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் எட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம், ஐந்து என்றால் இரண்டு மடங்காகப் போடுங்கள். பாத்திக்குப் போகும் விதையை ஓர் இரவுக்கு மேல் ஊறவைக்க வேண்டாம். அதிகம் ஊறினால் மூச்சுமுட்டி மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும்.