கலரை எண்ணாதீங்க, வீட்டுச் சாவி யார்கிட்டனு பாருங்க

பாண்டியில எங்க செட்டு மாசம் ஒரு ஃப்ரெஞ்சு படம் மொட்ட மாடியில போட்டு பாப்போம், முத்தியால்பேட்டை கொசுவோட. போன தடவ ழாக் ஓதியார் 2021ல எடுத்த லே ஸொலிம்பியாட். முடிஞ்சதும் ஒருத்தன் "கருப்பர் ஒருத்தர், ஆசியப் பொண்ணு ஒருத்தி, டைவர்சிட்டி ஓகே"னு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு கிளம்பிட்டான். படமே கிட்டத்தட்ட முழுசா கருப்பு வெள்ளைடா! பிரான்ஸ்ல சென்சஸ்லயே இனம் நிறம் கேக்க மாட்டாங்க, அதனால தலைய எண்ணி சதவீதத்தோட ஒப்பிடவும் வழியில்ல. ஒரு படத்துல பல இன மக்களுக்கும் சரியான இடம் இருக்கானு வேற மாதிரி பாக்கணும்.

மொதல்ல ஊர்ல எந்தப் பக்கத்த காட்டுறாங்கனு பாருங்க. இது நமக்கு கைவந்த கலை, இங்க ஷூட்டிங் வர்றவங்க மஞ்சச் சுவத்தையும் காகிதப்பூவையும் எடுத்துட்டு ஃப்ரெஞ்சுத் தெருங்களையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கற பெரிய வாய்க்கால தாண்டாமயே திரும்பிடுவாங்க, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. இந்தப் படம் நடக்கறது பாரிஸ் 13வது வட்டாரத்துல, ஒலிம்பிக் நடந்த ஊருங்க பேர வச்ச அடுக்குமாடி டவருங்க, 1975க்கு அப்புறம் வியட்நாம் கம்போடியாலேர்ந்து வந்த சீனக் குடும்பங்க நெறைய குடியேறுன ஏரியா.

அடுத்து வீடு, வாடகை, வேலை. எமிலிக்கு தைவான் வேரு, பாட்டியோட ஃப்ளாட்ல இருக்கா, கால் சென்டர்ல வேல பாக்கறா. ரூம்மேட் தேடுறா, பேர வச்சு பொண்ணுனு நெனச்சா வந்து நிக்கறது கமிய், கருப்பின வாத்தியார். சாவி அவ கையில, வாடகை குடுக்கறவன் அவன், இத கவனிச்சாலே பாதி படம் புரிஞ்சிடும். அதுக்கப்புறம் கதை ஓடறது பூர்வீகத்தப் பத்தி இல்ல, யாரு யாரோட சேந்தாங்க, யாரு யார கழட்டி விட்டாங்கங்கறதுல தான். ஒரு கேரக்டருக்கு அல்பமா, சுயநலமா, தப்பா லவ் பண்ற உரிமை இருக்கானு பாருங்க, என் கணக்குல அதான் பிரதிநிதித்துவம். சின்ன ரோலையும் விடாதீங்க, திக்கித் திக்கி பேசுற கமியோட தங்கச்சிக்கு ஸ்டாண்ட் அப் காமெடி பண்ண ஆச.

இதோட தீபனையும் சேத்து பாருங்க. அதே டைரக்டர், 2015ல கான் பட விழாவுல தங்கப் பனைங்கற பெரிய விருது வாங்குன படம், ஷோபாசக்தியும் காளீஸ்வரி ஸ்ரீனிவாசனும் நடிச்சது, பெரும்பாலும் தமிழ்லயே பேசுவாங்க, எனக்கு உசுரு. ஆனா அதுல நம்மாளு போர்லேர்ந்து தப்பி வந்த அகதி. பாரிஸ்ல தமிழ்க் கடைங்க நெறஞ்ச லா ஷாப்பல்ல கட போட்டவரோட புள்ள சும்மா லவ் பண்ணி சொதப்புற படத்துக்கு நான் இன்னும் வெயிட்டிங்.

சப்டைட்டில முழுசா நம்பாதீங்க. நமக்கு நீ, நீங்க மாதிரி அவங்களுக்கு து, வூ. இங்கிலீஷ்ல ரெண்டும் யூ தான், யாரு யார மதிக்கறாங்க, எப்ப நெருங்குனாங்கங்கறது அதுலயே காணாம போயிடும். காது குடுத்து கேளுங்க, இல்ல தெரிஞ்சவங்கள பக்கத்துல வச்சுக்கோங்க. எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருக்கார், ஃப்ரெஞ்சு பட்டாளத்து பென்ஷன்காரர். இந்தப் படத்துக்கு அவர கூப்பிடல, கூப்பிடவும் முடியாது, பெட்ரூம் சீன் அவ்ளோ. முன்னாடி வேறொரு படத்துக்கு வந்தார், முத்தம் வந்தப்பலாம் கண்ண மூடிட்டார், ஆனா மூடுன கண்ணோடயே "இப்பதான் து போட்டான் பாரு"ன்னார்.