ஓலைப் பெட்டிக்கு ஃப்ரீ ஷிப்பிங் போடலாமா? புதிய விற்பனையாளர்களுக்கு ஷிப்பிங் செட்டிங்ஸ் செய்முறை

சாயல்குடி, கடலாடி பக்கத்து ஓலைப் பெட்டி, கருப்பட்டி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் வத்தல், பாம்பன் கருவாடு என்று நம் கடலோரத்துச் சரக்கை ஆன்லைனில் விற்கிறவர்கள் யாரிடம் பேசினாலும், பேச்சு கடைசியில் பார்சல் செலவில்தான் வந்து நிற்கிறது. டெலிவரி சார்ஜ் போட்டால் ஆர்டர் வருவதில்லை. ஃப்ரீ என்று போட்டால் வருகிற ஆர்டரைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. இடையில் அந்த செட்டிங்ஸ் பக்கம் வேறு, ஏகப்பட்ட கட்டங்களோடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பொருளுக்கும் எல்லா ஊருக்கும் ஃப்ரீ ஷிப்பிங் என்பது நம் பக்கத்துச் சரக்குக்குச் சரிப்படாது. எதற்கு, எந்த ஊர் வரை, எவ்வளவுக்கு மேல் என்று பிரித்துக் கொடுத்தால் தாக்குப்பிடிக்கலாம். அதைப் படிப்படியாக எப்படி அமைப்பது என்று பார்ப்போம். முதல் சில படிகளுக்கு ஒரு டேப், ஒரு தராசு, ஒரு நோட்டு போதும்.

படி 1: பார்சலை அனுப்பப்போவது யார்?

தளமே ஆள் அனுப்பிப் பார்சலை எடுத்துக்கொள்வது ஒரு வழி. அமேசானில் ஈஸி ஷிப் என்பது இதுதான். நாமே தபால் ஆபீஸிலோ கூரியரிலோ கொடுத்துவிட்டு டிராக்கிங் எண்ணைத் தளத்தில் பதிவது இன்னொரு வழி. அதற்கு செல்ஃப் ஷிப் என்று பெயர். முதல் வழியில் உங்களிடம் பிடிக்கும் கட்டணத்தைத் தளம் முடிவு செய்யும். இரண்டாவதில் வாங்குபவரிடம் எவ்வளவு கேட்பது என்பது உங்கள் கையில். கீழே வரும் டெம்ப்ளேட் வேலை (எந்த ஊருக்கு எவ்வளவு டெலிவரி சார்ஜ் என்று தளத்தில் சேமித்து வைக்கும் பட்டியல்தான் டெம்ப்ளேட்) பெரும்பாலும் இரண்டாவது வழிக்காரர்களுக்கு. எடைக் கணக்கு இருவருக்கும் பொது.

கணக்குத் தொடங்கும் முன் உங்கள் பின்கோடுக்கு பிக்கப் உண்டா என்று பாருங்கள். டெலிவரி உண்டு என்பது வேறு, பிக்கப் உண்டு என்பது வேறு. ராமநாதபுரம் டவுனில் வந்து எடுக்கிற கூரியர், தீவுக்குள் ராமேஸ்வரம் வரை வந்து எடுப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பிக்கப் கிடைக்காவிட்டால் ஸ்பீடு போஸ்ட் இருக்கிறது.

படி 2: எந்த எல்லை வரை அனுப்பலாம்?

இதைப் பலர் ஷிப்பிங் விஷயமாகவே நினைப்பதில்லை. முன்பெல்லாம் அமேசான் போன்ற மார்க்கெட்பிளேஸில் பொருள் விற்க வேண்டுமானால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி எண் இல்லாமலும் விற்கலாம். பான் எண் வேண்டும், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு என்ரோல்மெண்ட் எண் எடுக்க வேண்டும். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் அனுப்ப முடியும். இந்த முறையில் எல்லாத் தளமும் ஒரே மாதிரி சேர்த்துக்கொள்வதில்லை என்பதால், உங்கள் தளத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஜிஎஸ்டி எண் இல்லாதவர் செட்டிங்ஸில் தமிழ்நாட்டை மட்டும் டிக் செய்ய வேண்டும். பின்கோடு 6-ல் தொடங்கினால் தமிழ்நாடு என்று எண்ணிவிடாதீர்கள். கேரளாவும் 6-தான், புதுச்சேரியும் 6-தான். காரைக்கால் நமக்குப் பக்கம்போலத் தெரியும், ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது.

வெளிநாட்டு ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சிறு பார்சல் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஓடு முடிந்தது. அந்தச் சமயத்தில் நம் தபால் துறையே கொஞ்ச காலம் அமெரிக்கப் பார்சல் வாங்குவதை நிறுத்தி வைத்திருந்தது. உள்நாட்டுக் கணக்கு பிடிபடும் வரை அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விடுங்கள்.

படி 3: பெட்டியை அளந்து எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

கூரியர்காரர்கள் இரண்டு எடை பார்ப்பார்கள். ஒன்று தராசு காட்டும் எடை. இன்னொன்று வால்யூமெட்ரிக் வெயிட், அதாவது பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றிப் போடும் கணக்கு. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் அளந்து பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் வந்துவிடும். சில கூரியர்கள் 5000-க்குப் பதிலாகச் சிறிய எண் வைத்திருப்பார்கள்; எண் சிறியதானால் உங்கள் பில் பெரிதாகும்.

ஓர் ஓலைப் பெட்டியை 30 × 25 × 20 அட்டைப்பெட்டியில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. தராசில் அரைக் கிலோகூட இருக்காது. இந்தக் கணக்கைக் கேட்ட ஒரு பெட்டி முடையும் அக்கா, "உள்ள இருக்கிறது காத்துதானப்பா, காத்துக்குமா காசு வாங்குறாங்க?" என்று கேட்டார். ஆமாம் அக்கா, வாங்குகிறார்கள்.

ஒரு கிலோ கருப்பட்டி இதற்கு நேர்மாறு. 20 × 15 × 10 பெட்டியில் அடங்கிவிடும். கணக்கு எடை 0.6 கிலோ, தராசு எடை பேக்கிங்கோடு 1.1 கிலோ. இங்கே தராசு எடைக்குத்தான் பில்.

முண்டு வத்தல் இடைப்பட்டது. உருண்டை வத்தல், அமுக்கினால் நொறுங்கும். அதனால் அரைக் கிலோவுக்கே பெரிய பெட்டி எடுத்துவிடுகிறோம். 25 × 20 × 15 என்றால் 1.5 கிலோ. அதையே 20 × 20 × 12 பெட்டிக்கு மாற்றினால் 0.96. பல கூரியர்கள் அரைக் கிலோ, ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று படி வைத்து மேலே ஏற்றிக் கணக்குப் போடுவதால், பெட்டியை மாற்றியதிலேயே ஒரு படி இறங்கிவிடுகிறது.

இப்போது மறுபடி ஓலைப் பெட்டிக்கு வருவோம். 3 கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டு அரைக் கிலோ அனுப்புகிறோம். மிச்சம் இரண்டரைக் கிலோ இடம் சும்மா போகிறது. பெரிய பெட்டிக்குள் நடுத்தரப் பெட்டி, அதற்குள் சின்னப் பெட்டி என்று அடுக்கி மூன்றாக அனுப்பினாலும் பில் அதேதான். பெட்டிக்குள் ஒரு கிலோ கருப்பட்டி வைத்தாலும் அதேதான். காற்றுக்குக் கொடுக்கிற காசில் கருப்பட்டி பயணம் செய்யட்டும். தனிப் பெட்டியைவிட அடுக்குப் பெட்டி செட்டையும், பெட்டியோடு கருப்பட்டி காம்போவையும் முன்னால் காட்டச் சொல்வது இதனால்தான். உணவுப் பொருள் சேர்த்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். அது வேறு வேலை, ஆனால் விட முடியாத வேலை.

கருவாடு விற்பவர்கள் எடைக்கு முன்னால் வாசனையைப் பார்க்க வேண்டும். வாக்யூம் பேக் செய்து, அதன் மேல் இன்னொரு கவர் போட்டால்தான் கூரியர் கவுண்டரில் திருப்பித் தராமல் வாங்குவார்கள்.

படி 4: ஃப்ரீ ஷிப்பிங் விலையை எப்படிப் போடுவது?

கூட்டிப் போடாதீர்கள். இதுதான் புதியவர்கள் விழும் குழி. பொருளுக்குக் கையில் 400 ரூபாய் நிற்க வேண்டும், பேக்கிங் 30, தமிழ்நாட்டுக்குள் கூரியர் 140, மொத்தம் 570 என்று விலை வைத்துவிடுகிறோம். தளம் 15 சதவீதம் எடுக்கிறது என்று வைத்தால், அது 400-க்கு மட்டும் எடுக்காது, 570-க்கும் எடுக்கும். 85 ரூபாய் 50 காசு போய்விடும். டெலிவரி சார்ஜைத் தனியாகக் காட்டினாலும் பல தளங்களில் கதை இதேதான், கைவினைப் பொருள் விற்கும் தளமான எட்ஸியின் 6.5 சதவீதக் கட்டணம் டெலிவரி சார்ஜையும் சேர்த்துத்தான்.

சரியான முறை, வகுப்பது. 100-ல் 15 போனால் 85, அதாவது 0.85. 570-ஐ 0.85-ஆல் வகுத்தால் 671 ரூபாய். இந்தக் கூரியர் தொகையும் சதவீதமும் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் கூரியர் பில்லையும் உங்கள் தளத்தின் கமிஷனையும் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி கட்டுபவர்கள் அதையும் சேர்க்க வேண்டும்.

இதே 671 ரூபாய் ஃப்ரீ ஷிப்பிங் விலைக்கு டெல்லியிலிருந்து ஆர்டர் வந்து, கூரியர் 290 ஆகிவிட்டால் கையில் நிற்பது 250 ரூபாய். 150 போச்சு. சரி, டெல்லிக்கும் சேர்த்து விலையை ஏற்றுவோம் என்றால், மதுரைக்காரர் டெல்லிக்காரரின் கூரியரையும் கட்டுகிறார். விலையைப் பார்த்து அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எனவே பருமனான பொருளுக்குத் தமிழ்நாட்டுக்குள் ஃப்ரீ, வெளியே கட்டணம் என்பதே என் யோசனை.

காம்போவையும் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்கு 400, ஒரு கிலோ கருப்பட்டிக்கு 350, பேக்கிங் 30, கூரியர் அதே 140. மொத்தம் 920, வகுத்தால் 1,082. கருப்பட்டியைத் தனியாக 30 ரூபாய் பேக்கிங், 80 ரூபாய் கூரியரில் அனுப்பியிருந்தால் அதன் விலை 541 ஆகியிருக்கும். பெட்டியின் 671-ஓடு சேர்த்து 1,212. வாங்குபவருக்கு 130 ரூபாய் மிச்சம், உங்களுக்குக் குறைவு ஒன்றுமில்லை.

படி 5: இப்போது செட்டிங்ஸைத் திறக்கலாம்

ஒரே டெம்ப்ளேட்டில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். பருமனான சரக்குக்கு ஒன்று, கனமான சரக்குக்கு ஒன்று, காம்போவுக்கு ஒன்று. பெயரையும் அப்படியே வையுங்கள்: ஓலை பெரியது, கருப்பட்டி, காம்போ. டெம்ப்ளேட் 1, டெம்ப்ளேட் 2 என்று வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

ஒவ்வொன்றிலும் ஊர்களைப் பிரியுங்கள். தமிழ்நாடு ஒரு பிரிவு. கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி அடுத்தது. மற்ற மாநிலங்கள் மூன்றாவது. வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், லடாக், அந்தமான், லட்சத்தீவு ஆகியவை தனி; கட்டணம் தெரியாத வரை இவற்றை நிறுத்தியே வையுங்கள்.

இரண்டு கட்டங்களில் கவனம் வேண்டும். கூடுதல் பொருளுக்கான கட்டணம் ஒன்று. முதல் பொருளுக்கு 60 ரூபாய், கூடுதல் பொருளுக்கும் 60 என்று விட்டால், ஐந்து சின்ன ஓலைக் கொட்டான் வாங்குகிறவர் 300 ரூபாய் டெலிவரி சார்ஜைப் பார்த்து ஓடிவிடுவார். கூடுதலுக்குச் சுழியம் போட்டால் ஐந்து பெரிய பெட்டி வாங்குகிறவரிடம் நீங்கள் மாட்டுவீர்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சரக்குக்குச் சிறு தொகை, அடங்காததற்கு முழுத் தொகை.

இன்னொன்று டீஃபால்ட் டெம்ப்ளேட். புதுப் பொருள் சேர்க்கும்போது நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுதான் ஒட்டிக்கொள்ளும். டீஃபால்ட்டாக எப்போதும் அதிகக் கட்டணம் உள்ளதையே வையுங்கள். தவறி ஒட்டினாலும் ஓர் ஆர்டர் போகுமே தவிர, காசு போகாது.

படி 6: எவ்வளவுக்கு மேல் ஃப்ரீ?

இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஃப்ரீ என்ற வசதி நல்ல வசதி. எட்ஸி 2019-ல் அமெரிக்க வாடிக்கையாளருக்கு 35 டாலருக்கு மேல் ஃப்ரீ ஷிப்பிங் தரும் கடைகளைத் தேடலில் முன்னே காட்ட ஆரம்பித்தபோது, பருமனான பொருள் விற்கும் பலர் கொதித்தது நியாயம்தான். தேடலில் மேலே வர வேண்டுமானால் விலையை ஏற்று, இல்லாவிட்டால் நீயே தாங்கு என்கிற நிலை.

நாமாகத் தொகை வைக்கும்போது அந்தத் தலைவலி இல்லை. கருப்பட்டி, வத்தல், அடுக்குப் பெட்டிக்கு மட்டும் இதைக் கொடுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஃப்ரீ என்று வைத்தால், ஒன்றுக்குள் ஒன்று அடங்காத பெரிய பெட்டி இரண்டு வாங்கினாலே அது தாண்டிவிடும், ஆனால் கூரியருக்கு 6 கிலோ. அந்த டெம்ப்ளேட்டில் இந்தச் சலுகை வேண்டாம்.

கேஷ் ஆன் டெலிவரியோடு ஃப்ரீ ஷிப்பிங்கையும் சேர்த்துப் போடுவதை நான் ஆரம்பத்தில் ஊக்குவிக்க மாட்டேன். வாசலில் நின்று வேண்டாம் என்று சொல்லிவிட்டால், செல்ஃப் ஷிப்பில் போன காசும் வந்த காசும் உங்கள் தலையில்தான்.

படி 7: அனுப்ப எத்தனை நாள்?

ஹேண்ட்லிங் டைம் கட்டத்தில் ஒரு நாள் என்று வீரம் காட்ட வேண்டாம். தாமதமானால் கணக்கின் மதிப்பெண் குறையும், ஆர்டரும் குறையும். சரக்கு கையில் இருந்தால் இரண்டு நாள், முடைந்து அனுப்புவதென்றால் அதற்குத் தகுந்த நாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பாம்பன் பக்கம் எதுவும் நம் சொல்படி நடக்காது. அந்த மாதங்களில் நாளைக் கூட்டி வையுங்கள், புயல் நாளில் விடுமுறை மோடைப் போட்டுவிடுங்கள். மழை ஈரத்தில் ஓலையும் பூஞ்சை பிடிக்கும், கருப்பட்டியும் கசியும். பிளாஸ்டிக் உறை கட்டாயம்.

படி 8: எடைத் தகராறுக்கு ஆதாரம்

கூரியர் கிடங்கில் பெட்டியை மறுபடி அளந்து, கூடுதல் எடை என்று பின்னால் காசு பிடிப்பது சாதாரணமாக நடக்கிறது. பெட்டி நடுவில் புடைத்திருந்தாலே ஓரிரு செ.மீ. கூடிவிடும். எனவே ஒட்டிய பிறகு அளந்து பாருங்கள். தராசின் மேல் ஒரு போட்டோ. நீளம், அகலம், உயரத்துக்கு டேப் வைத்து மூன்று போட்டோ. லேபிள் எண் தெரிய வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் கெடு நாள் உண்டு, அதனால் பில்லை வாரம் ஒருமுறை பாருங்கள்.

படி 9: நீங்களே வாங்கிப் பாருங்கள்

கடையைத் திறந்ததும் வேறு கணக்கிலிருந்து உங்கள் பொருளை கார்ட்டில் போடுங்கள். மதுரை, பெங்களூரு, டெல்லி, அந்தமான் என்று பின்கோடை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பெட்டி, மூன்று பெட்டி, பெட்டியோடு கருப்பட்டி என்று எண்ணிக்கையையும் மாற்றுங்கள். திரையில் வரும் டெலிவரி சார்ஜும் உங்கள் நோட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுத்தி வைத்த இடத்துக்கும் கட்டணம் காட்டினால், அந்தப் பொருளில் தவறான டெம்ப்ளேட் ஒட்டியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். முதல் மாத கூரியர் பில் வந்ததும் 0.85 கணக்கை நிஜத் தொகைகளோடு மறுபடி போட்டு விலையைத் திருத்திக்கொள்ளுங்கள்.