பசங்களுக்கு ஹாக்கி: எந்த வயசுல எதை சொல்லித்தரணும்

ஐஸ் ஹாக்கி ஆட நம்ம வேலூர்ல ஐஸுக்கு எங்க போறது, மே மாசம் எட்டு மணிக்கே சிமெண்ட் தரை கொதிக்குது. அதனால காட்பாடில நாங்க காலைல ஆறு மணிக்கே இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசைல சக்கரம் வெச்ச ஷூ) மாட்டி பசங்கள எறக்கிடுறோம். ஆனா சொல்லித்தர்ற வரிசை ஐஸ் ஹாக்கிக்கு என்னவோ அதேதான்.

எட்டு வயசு வரைக்கும் கோலு, பொசிஷன் பேச்சே வேணாம். ஹெல்மெட், முட்டி பேட் போட்டுட்டு மொதல்ல விழுந்து எழுந்திருக்க கத்துக்கணும். கைய பின்னாடி ஊனி எழுந்தா சக்கரம் வழுக்கி திரும்ப பொத்துனு உக்காருவான், அதுக்கு பதிலா முட்டி போட்டு ஒரு கால முன்னாடி வெச்சு ரெண்டு கையையும் அந்த தொடை மேல அழுத்தி எழ சொல்லுங்க. அப்புறம் கல்லா மண்ணா ஆடவிடுங்க, நிக்கவும் திரும்பவும் தானா வந்துடும்.

ஸ்டிக்கு ஸ்கேட் போட்டு நின்னா தாடை வரைக்கும் இருந்தா போதும். ஒரு பையன் அண்ணனோட ஸ்டிக்க தூக்கினு வந்தான், வெறப்பா நின்னுக்கினே தட்டுவான், பந்து அடியில பூந்து போயிடும். ஆக்ஸா பிளேடால நாலு விரக்கடை அறுத்து கொடுத்தோம், அன்னிக்கே முட்டிய மடக்கி ஆடுனான். அவ்ளோதான் விஷயம்!

அமெரிக்காவுல எட்டு வயசுக்குள்ள இருக்கவங்களுக்கு 200 அடி நீள ரிங்க்க, அதான் ஐஸ் ஆடுகளத்த, முழுசா குடுக்காம குறுக்க பிரிச்சுதான் ஆடவிடுறாங்க, பந்துக்கு பதிலா ஐஸ்ல தட்டுற ரப்பர் வட்டான பக்கும் 170 கிராமுக்கு பதிலா 113 கிராம். எடம் சின்னதானா ஒவ்வொருத்தன் கிட்டயும் பந்து நெறைய தடவ வரும். நாங்க தண்ணி பாட்டில வரிசையா வெச்சு தரைய மூணா பிரிச்சு, மூணுக்கு மூணு பேர்னு விடுறோம்.

ஒன்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும்தான் கை வித்தை ஏர்ற வயசு, இத வீணாக்கிடாதீங்க. பின்னாடி ஸ்கேட்டிங், கால் மாத்தி போட்டு வளைவுல திரும்புறது, பாஸ், இதெல்லாம் இப்பதான். பந்த தட்டினே வர்றப்ப நான் எதிர்ல நின்னு விரல காட்டுவேன், எத்தனைன்னு சத்தமா சொல்லணும், தலை தானா நிமிர்ந்துடும். எல்லாரையும் மாத்தி மாத்தி கோல்கீப்பரா நிக்க வைங்க. மோதி ஆடுறது மட்டும் கூடவே கூடாது, அமெரிக்க ஐஸ் ஹாக்கி சங்கமான யூஎஸ்ஏ ஹாக்கி 2011லயே பன்னெண்டு வயசு பிரிவுல பாடி செக்கிங்க, அதான் உடம்பால மோதி தடுக்குறத, எடுத்துட்டாங்க.

பதிமூணுக்கு மேல மோதல், டீம் பிளான்லாம் மெதுவா ஆரம்பிங்க. திடீர்னு வளர்ற வயசு, நேத்து வரைக்கும் நல்லா ஆடுனவன் கொஞ்ச மாசம் தடுமாறுவான், அப்ப திட்டாதீங்க ப்ளீஸ், அங்கதான் நெறைய பேரு விட்டுட்டு போறாங்க.

சின்னதுங்களுக்கு முக்கா மணி நேரம் போதும், இன்னும் ஒரு ஆட்டம்ணான்னு கேக்குறப்பவே ஸ்கேட்ட கழட்ட சொல்லிடுங்க.