பாகெல்பெல்லின் கேனனைக் கொயருக்குப் புதிதாக எழுதுவது எப்படி?

பரோக் காலத்துப் (ஐரோப்பிய இசையில் சுமார் 1600 முதல் 1750 வரை) பிரபலமான ஒன்றை எடுத்து, பல குரல்கள் சேர்ந்து பாடும் கொயருக்குப் புதிய பாட்டு எழுத ஆசை என்றால் முதலில் யோஹான் பாகெல்பெல்லின் டி மேஜர் கேனனில் கை வையுங்கள் (கேனன் என்றால் ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிப்பது). அவர் இறந்தது 1706இல், அதனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் (பிற்காலத்தவர் மாற்றி அமைத்த அரேஞ்ச்மென்ட்டைப் பார்த்து எழுதினால்தான் சிக்கல்). கட்டமைப்பும் எளிது. மூன்று வயலின், அடியில் ஒரு பேஸ் (கீழ் ஸ்தாயி) வரிசை. டி-யை ஷட்ஜமமாக வைத்தால் அந்த வரிசை ஸ ப த க ம ஸ ம ப, எட்டே ஸ்வரம், அதுவே 28 தடவை வருகிறது. மேலே ஒரு வயலின் தொடங்கி இரண்டு பார் (ஆவர்த்தனம் போன்ற தாள அளவு) போனதும் அடுத்தது அதே மெட்டைப் பிடிக்கும், இன்னும் இரண்டு பார் போனதும் மூன்றாவது.

அந்த எட்டு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு வயலின் மெட்டில் முக்கால்வாசியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. அடிவரிசையைக் கேட்டாலே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வயலின் ஓடுகிற பொடி ஸ்வரங்களைக் குரலில் ஏற்றினால் ஒரு வார்த்தையும் காதில் விழாது.

சரி, ஸ்ருதி. டி-யிலேயே எழுதினால் ஆறாவது ஸ்வரம் கீழ் ஸ்தாயி டி-யில் போய் உட்காரும், அங்கே பல பேஸ் பாடகர்களுக்கு (ஆண்களில் அடிக்குரல்) காற்றுதான் வரும். மூன்று அரைஸ்வரம் ஏற்றி எஃப் மேஜரில் எழுதுங்கள், பாடிவிடுவார்கள்.

என் முதல் வரைவில் 28 தடவையையும் பேஸ் தலையிலேயே கட்டிவிட்டேன். ஒத்திகையில் ஒருவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்! அப்புறம்தான் உறைத்தது. நாலைந்து சுற்று பேஸுக்கு, பிறகு டெனருக்கு (ஆண்களின் மேல்குரல்), பிறகு அதையே மெதுவாக்கி சோப்ரானோவுக்கு (பெண்களின் உச்சக்குரல்) கொடுங்கள். வரிசை மேலே போய்விட்டதால் அடியில் உங்களுக்குப் பிடித்த ஸ்வரத்தை வைக்கலாம்: முதல் ஸ-வுக்குக் கீழே ம வைத்துப் பாருங்கள், பிறகு த வைத்துப் பாருங்கள், கார்டே (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிவிடும், பழைய பாட்டு உங்கள் பாட்டாக மாறுவது அங்கேதான். நடுவில் ஒரு சுற்றுக்கு க, த இரண்டையும் அரைஸ்வரம் இறக்கினால் மைனர் நிறமும் (கொஞ்சம் சோகச் சாயல்) கிடைக்கும்.

வரிகள் குறைவாகவே இருக்கட்டும், ஏனென்றால் கேனனில் மூன்று குரல் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு வரிகளில் நிற்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: நீண்ட ஸ்வரத்தில் குறிலைப் போட்டால் அது நெடிலாகிவிடும், 'கல்' என்று நீங்கள் எழுதியதை அவர்கள் 'கால்' என்று பாடுவார்கள். நீளமான இடங்களில் ஆ, ஓ வருகிற சொற்களையே தேடுங்கள். உச்சத்தில் இ, உ வந்தால் சோப்ரானோக்கள் உங்களை முறைப்பார்கள்.

மூச்சு விடும் இடத்தையும் நீங்களே குறித்துக் கொடுங்கள், ஒரே பகுதியில் பாடுகிறவர்களுக்குக்கூட ஆளுக்கொரு இடமாக, இல்லாவிட்டால் எல்லோரும் எட்டாவது ஸ்வரம் முடிந்ததும் ஒன்றாக மூச்சு வாங்குவார்கள், வரிசை அறுந்துவிடும்.