டபுள் பீன்ஸ் சூப்: பாலும் க்ரீமும் இல்லாமல் வெண்ணெய்ப் பதத்தில்

வீகன் சூப், அதாவது பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராத சூப் வைக்க நினைத்ததும் பலரும் பாலுக்கு மாற்றாக என்ன ஊற்றலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். பாதாம் பால், சோயா பால் என்று விலை விசாரித்து, கடைசியில் கார்ன்ஃப்ளாரைக் கரைத்து ஊற்றி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த சூப் கெட்டியாக இருக்கும், ருசி இருக்காது. ஆறியதும் பசை மாதிரி ஆகிவிடும். டபுள் பீன்ஸைக் குழைய வேகவைத்து நைசாக அரைத்தால் இது எதுவும் தேவைப்படாது. இந்த சூப்பின் க்ரீம் அந்தப் பயறுக்குள்ளேயே இருக்கிறது. அதை முழுசாக வெளியே கொண்டுவருவதுதான் இதில் இருக்கும் வேலை.

நாலு பேருக்கு, சுமார் ஒன்றேகால் லிட்டர் சூப்புக்கான அளவு இது.

காய்ந்த வெள்ளை டபுள் பீன்ஸ் – 150 கிராம்
காலிஃபிளவர் – 150 கிராம்
கேரட் – 100 கிராம்
சௌசௌ – 100 கிராம்
பெரிய வெங்காயம் – 1
பூண்டு – 6 பல்
முந்திரி – 12
வாசனை இல்லாத எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
பிரியாணி இலை – 1
மிளகு – அரை டீஸ்பூன், ஒன்றிரண்டாகத் தட்டியது
பாலக்கீரை – ஒரு கைப்பிடி
எலுமிச்சைச் சாறு – 2 டீஸ்பூன்
உப்பு – தேவைக்கு

உருளைக்கிழங்கைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். வெந்த உருளையை மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து உடைந்து ஜவ்வு மாதிரி இழுக்கும். சேர்த்தே ஆகவேண்டும் என்றால் கையால் மசித்துச் சேருங்கள். டபுள் பீன்ஸ் எவ்வளவு அரைத்தாலும் இப்படி இழுக்காது.

ஊறவைப்பது

பீன்ஸை இரண்டு முறை கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்று காலங்காலமாகச் சொல்வார்கள். அது சரியல்ல. தோலை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் இளகுகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளி, புளி, எலுமிச்சை எதுவாக இருந்தாலும் பயறு முழுக்க வெந்த பிறகே பாத்திரத்துக்குள் வரவேண்டும்.

ஊறியதா என்று வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் தோல் மட்டும் தண்ணீர் குடித்துச் சுருங்கிச் சுருங்கி நிற்கும். பார்த்தால் பெரிதாகிவிட்ட மாதிரி தெரியும். ஒன்றை எடுத்துத் தோலை உரித்து, இரண்டு பருப்பாகப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் தட்டையாக, ஓரம் முதல் நடுவரை ஒரே நிறமாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் குழிந்து, அங்கே மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும்.

வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும். ராத்திரி முழுக்க ஊறவேண்டும் என்றால் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. டபுள் பீன்ஸில் இயற்கையிலேயே லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. பச்சையாக மெல்லும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். கடைகளில் விற்கும் வெள்ளை ரகங்களில் அது குறைவுதான். ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். அதனால் இதைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ வாயில் போடக்கூடாது.

மலைப்பகுதிச் சந்தைகளில் பச்சை டபுள் பீன்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். உரித்தது 350 கிராம் போதும், ஊறவைக்கும் வேலை இல்லை. சூப்பும் இன்னும் இனிப்பாக இருக்கும். ஆனால் வேகவைப்பதில் எந்தச் சலுகையும் கிடையாது.

வேகவைப்பது

எது தப்பினாலும் கடைசியில் சரிசெய்துகொள்ளலாம். இந்தக் கட்டம் தப்பினால் சூப்பைக் காப்பாற்ற முடியாது.

ஊறிய பீன்ஸ் மூழ்க நல்ல தண்ணீர் ஊற்றி, மூடாமல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மேலே வரும் நுரையோடு அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். பிறகு குக்கரில் பீன்ஸ், 750 மில்லி தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, பிரியாணி இலை, ஒரு டீஸ்பூன் எண்ணெய். எண்ணெய் ருசிக்காக இல்லை. இந்தப் பயறு பொங்கி நுரைக்கும், தோலும் கழன்று மிதக்கும். அது போய் வெயிட் துவாரத்தை அடைக்காமல் இருக்கத்தான். குக்கர் பாதிக்கு மேல் நிறையக்கூடாது என்பதும் அதற்காகவே.

மூன்று விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். பிரஷர் தானாக அடங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் திடீரென்று கொதித்துக் கிளம்பி, பருப்பு வெடித்துச் சிதறும்.

திறந்ததும் ஒரே ஒரு பீன்ஸை நசுக்கிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரே பாக்கெட்டில் புதுசும் பழசும் கலந்திருக்கும். ஐந்தை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். ஐந்துமே பிசைந்த சந்தனம் போல வழுக்கவேண்டும். ஒன்றில் குருணை தட்டுப்பட்டாலும் மறுபடி மூடி இரண்டு விசில். சுண்டலுக்குப் பதமாக வெந்த பயறு இந்த சூப்புக்கு வேகாத பயறு. அதை எவ்வளவு நேரம் அரைத்தாலும் ரவை போலத் திரிதிரியாகவே நிற்கும். வேகாத குருணையை மிக்ஸி சின்னதாக்குமே தவிர கரைக்காது.

எத்தனை விசில் வைத்தாலும் வேகவில்லை என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். அப்படியும் வேகவில்லை என்றால் இரண்டு சிட்டிகை சமையல் சோடா. அதற்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், பி1 வைட்டமினும் வீணாகும். பீன்ஸே பல மாதம் பழையதாக, மஞ்சள் தட்டிப் போயிருந்தால் சோடாவுக்கும் மசியாது. அதை விட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பயறின் மாவும் சாரமும் அதில்தான் இறங்கியிருக்கிறது. தனியாக ஸ்டாக் தேவையே இல்லை.

வெங்காயமும் காயும்

குக்கர் வேகும் நேரத்தில் முந்திரியைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளரி விதை போடலாம்.

அடிகனமான பாத்திரத்தில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். இங்கே அவசரம் ஆகாது. பயறுக்கு இயல்பிலேயே சப்பென்ற ருசி. அதற்கு ஆழம் தருவது இந்த வெங்காயம்தான். கண்ணாடி போல ஆகி, ஓரம் மட்டும் பொன்னிறத்துக்குத் திரும்பும்போது நசுக்கிய பூண்டைப் போட்டு ஒரு நிமிடம். கருக விட்டால் சூப் சாம்பல் நிறத்துக்குப் போகும், கசப்பும் ஏறும்.

அடுத்து காலிஃபிளவர், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிய கேரட், சௌசௌ. பீன்ஸ் வெந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றி, மூடி போட்டு எட்டு முதல் பத்து நிமிடம் வேகவிடுங்கள். காலிஃபிளவர் பூக்களைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், பிறகு அரைக்க எடுப்பதற்கு வசதி.

எதை அரைப்பது, எதை முழுசாக விடுவது என்பதில் நிறத்தையும் பார்க்கவேண்டும். காலிஃபிளவரும் சௌசௌவும் வெளிர் நிறம், அரைத்தால் பீன்ஸோடு ஒன்றிப்போகும். கேரட்டைத் தனியாக அரைத்தால் அழகான ஆரஞ்சு நிறம் வரும். கேரட்டையும் கீரையையும் சேர்த்து அரைத்தால் சேற்று நிறம்தான். பச்சை எல்லாம் கடைசியில், அரைக்காமல். முட்டைக்கோஸ் வேண்டாம், நேரம் ஆக ஆக அதன் கந்தக வாடை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

அரைப்பது

கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றி ஓடவிட்டால் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கெட்டியான சூப் கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறட்டும். ஜாரில் பாதிக்கு மேல் வேண்டாம், இரண்டு முறையாக அரைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு பீன்ஸ், காலிஃபிளவர் முழுவதும், தண்ணீர் வடித்த முந்திரி. பிரியாணி இலையை எடுத்துப் போட்டுவிட்டீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அரை கப் சூப் தண்ணீர் மட்டும் விட்டு, சட்னி பதத்தில் கெட்டியாக அரைக்கவேண்டும். எடுத்த எடுப்பிலேயே தண்ணீரை நிறைய ஊற்றினால் பருப்பு பிளேடுக்குச் சிக்காமல் சுற்றிச் சுற்றி ஓடும், நைசாகாது. நன்றாக மசிந்த பிறகு இன்னும் ஒரு கப் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம்.

கடைசி அரை நிமிடத்தில் மிக்ஸியை நிறுத்தி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றி மறுபடி ஓடவிடுங்கள். கண்ணெதிரே நிறம் மாறும்: மங்கிய தந்த நிறம் பளிச்சென்று வெளுக்கும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து பயறு மாவுக்குள் தங்கிவிடுவதால் வரும் மாற்றம் அது. பாலாடையின் வழவழப்புக்குக் காரணமும் இப்படிப்பட்ட கொழுப்புத் துளிகள்தான். இதே எண்ணெயை மேலே ஊற்றிக் கலக்கினால் மிதக்கும், அவ்வளவுதான். செக்கு நல்லெண்ணெய், கடலெண்ணெய் வேண்டாம், வாசம் தூக்கிவிடும்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்து மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். தோலின் திப்பி தெரிந்தால் பெரிய கண் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தி எடுங்கள். மிக்ஸி பழசாக இருந்தால், வெந்த பீன்ஸை ஆறியதும் தோலுரித்துவிடுவது நல்லது. பெரிய டபுள் பீன்ஸ் என்பதால் ஒரு நசுக்கிலேயே தோல் தனியாக வரும். ஐந்து நிமிட வேலை.

சேர்த்து முடிப்பது

அரைத்ததைப் பாத்திரத்தில் ஊற்றி, எடுத்துவைத்த முழு பீன்ஸையும் போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள், பயறு மாவு சட்டென்று அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த வாசம் வந்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. அதைவிட ஒரு பிடி நீர்க்கவே இறக்குங்கள். பத்து நிமிடத்தில் தானாகக் கெட்டிப்படும். நீர்த்துப் போய்விட்டால் கார்ன்ஃப்ளார் பக்கம் போகாமல், முழுசாக விட்ட பீன்ஸில் ஒரு கைப்பிடி எடுத்து அரைத்துச் சேருங்கள்.

நறுக்கிய பாலக்கீரையைப் போட்டு ஒரு நிமிடம், அடுப்பை அணைத்துவிட்டு மிளகும் எலுமிச்சைச் சாறும். உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். சூப் சப்பென்று இருந்தால் பெரும்பாலும் குறைவது உப்போ புளிப்போதான், மசாலா அல்ல. ஒரு துளி ஜாதிக்காய்த் தூள் நன்றாக இருக்கும். தேங்காய்ப் பால் பிடித்தவர்கள் அணைத்த பிறகு அரை கப் முதல் பால் சேர்க்கலாம். கொதித்தால் திரியும், ருசியும் சொதிப் பக்கம் சாயும்.

வீகன் என்று நம்பி வாங்குவதில் ஏமாறுகிற இடங்கள் இரண்டு: சூப் க்யூப், பிரெட். இரண்டிலும் பால் பவுடரோ வெண்ணெயோ இருக்கலாம், லேபிளைப் படித்து வாங்குங்கள். கூடவே சாப்பிட, எண்ணெயில் வறுத்த இட்லித் துண்டுகள் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

டபுள் பீன்ஸுக்குப் பதில் வெள்ளை ராஜ்மாவோ சிவப்பு ராஜ்மாவோ போட்டால் ஒன்றை மறக்காதீர்கள். சரியாக வேகாத ராஜ்மா, சிவப்பு என்றால் இன்னும் அதிகமாக, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். அதிலுள்ள லெக்டின் என்ற புரதம்தான் காரணம். கொதிநிலைக்குப் போகாத ஸ்லோ குக்கரில் நேராகப் போட்டு வேகவைக்கக்கூடாது. பத்து நிமிடம் முழுக்கொதியில் வைத்து, பிறகு குக்கர். காய்ந்த மொச்சையிலும் இதே சூப் வரும், ஆனால் தோலை உரித்தே ஆகவேண்டும்.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் களி மாதிரி இறுகியிருக்கும், பயப்பட வேண்டாம். கால் கப் வெந்நீர் விட்டுக் கிளறிச் சுடவைத்தால் இளகிவிடும். ஃப்ரீசரில் வைப்பதானால் கீரை சேர்க்கும் முன்பே எடுத்து வையுங்கள். உருகும்போது தண்ணீர் தனியாகப் பிரிந்து திரிந்தது போலத் தெரியும். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுச் சுடவைத்து, கீரையையும் எலுமிச்சையையும் அப்போது புதிதாகச் சேருங்கள்.